கரை சேரும் பட்டு

காஞ்சிபுரம் பட்டு என்கிறோம். ஆனால் அதன் நூலும் சரிகையும் பெரும்பாலும் வெளியூரிலிருந்து வருபவை. ராமநகரம், சிட்லகட்டா என்று கர்நாடகச் சந்தைகளில் விலைபோகும் பட்டுக்கூடுகளில் தொடங்குகிறது ஒரு சேலையின் பயணம். கூடுகளை வெந்நீரில் இட்டு இழை பிரித்து, பல இழைகளைச் சேர்த்து முறுக்கிய நூல் காஞ்சிக்கு வருகிறது. சரிகை வருவது சூரத்திலிருந்து. பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பியைத் தட்டிச் சுற்றி, தங்க முலாம் பூசியது அது.

சாயப்பட்டறையில் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்துப் பசை நீக்கிய பிறகுதான் நூலில் அரக்கு நிறம் ஏறும். பிறகு பாவு, அதாவது நீளவாட்டில் ஓடும் நூல். விடியற்காலையில் தெருவில் நீட்டிக் கட்டி அதற்குக் கஞ்சி போடுவார்கள். மழைக்காலத்தில் அந்த வேலை நின்றுபோகும். குழித்தறியில் தண்ணீர் ஊறினால் நெசவும் நிற்கும். தறி ஓடாத நாளுக்குக் கூலி கிடையாது.

இனி வருவதுதான் காஞ்சிப் பட்டின் உயிர். உடல் அரக்கு, இரு கரையும் பச்சை என்றால், குறுக்கு நூலான ஊடையை ஓட்டும் நாடாக்கள் மூன்று. நடு நாடா உடலை மட்டும் நெய்து கரையோரம் நிற்கும்; கரை நாடா வந்து அந்த ஊடையைக் கோத்துக்கொண்டு திரும்பும். இதுதான் கோர்வை. ஒரு பக்கத்துக் கரை நாடாவை ஓட்ட இன்னொருவர் கூடவே உட்கார வேண்டும். முன்பு சிறுவர்கள் உட்கார்ந்தார்கள். அவர்கள் பள்ளிக்கூடம் போனது நல்லது, அதில் மறுபேச்சே இல்லை. இன்று பல வீடுகளில் நெசவாளரின் மனைவி உட்காருகிறார், அடுப்புக்கும் தறிக்கும் நடுவே. சேலைக்குத் தரும் கூலியிலேயே அவர் உழைப்பும் அடக்கம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

முந்தானை வேறு நிறமென்றால் பேட்னி போட வேண்டும். உடல் பாவின் ஒவ்வோர் இழையோடும் முந்தானைப் பாவின் இழையை விரலால் முறுக்கிச் சேர்ப்பார்கள். ஆயிரக்கணக்கான இழைகள், அத்தனையும் கைவேலை.

சேலையைக் கைத்தறிக்கென ஒதுக்கிய சட்டம் 1985-இலேயே வந்துவிட்டது. 2005-06-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனாலும் விசைத்தறிச் சேலைகள் காஞ்சிப் பட்டு என்ற பெயரில் விலைபோகின்றன. வாங்குகிறவர்கள் சரிகையின் எடையைத்தான் கேட்கிறார்கள், கரை உடலோடு சேரும் இணைப்பைப் பார்ப்பதில்லை.

அடுத்த முறை கடையில் இரு நிறச் சேலையைப் பிரித்ததும் கரையைப் பாருங்கள். கோர்வை இல்லையென்றால் உடலின் ஊடை கரைக்குள்ளும் ஓடி, பச்சையில் அரக்கு கலந்து தெரியும். கரை கலப்பில்லாமல் தனி நிறமாக நின்றால், விலை கூடுதலானாலும் அதையே வாங்குங்கள்.