அர்பத்நாட் கம்பெனி கவுந்த கதை

பாரிமுனைக்குப் பேர் கொடுத்த பாரி கம்பெனி நம்ம எல்லாருக்கும் தெரியும். பின்னியும் தெரியும். ஒரு காலத்துல மெட்ராஸ்ல இவங்களுக்குச் சரிசமமா நின்ன இன்னொரு பெரிய தலை அர்பத்நாட் அண்ட் கோ.

இதெல்லாம் ஏஜென்சி ஹவுஸ் வகையறா. ஊருல இருக்குற சரக்கைச் சீமைக்கு அனுப்புறது, அங்கேருந்து வர்றதை இங்க விக்கிறது, அடுத்தவங்க தொழிலுக்கு ஏஜென்டா இருக்குறது... போதாததுக்கு டெபாசிட் வேற வாங்குவாங்க. வெள்ளைக்காரன் கம்பெனி, ஏமாத்த மாட்டான்னு நம்பி, பென்ஷன்காரர்ல இருந்து வக்கீல் வரைக்கும் பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டியிருக்காங்க. ஆனா இது பங்குதாரர்கள் நடத்துன கம்பெனி. கணக்கை ஊருக்குக் காட்டணும்னு கட்டாயமே கிடையாது.

1906 அக்டோபர் 22, திங்கட்கிழமை. அர்பத்நாட் கதவைச் சாத்திட்டாங்க. சில நாள் முன்னாடிதான் லண்டன்ல அவங்க கூட்டாளி மெக்ஃபேடியன் ரயில் முன்னாடி விழுந்து செத்திருந்தார். ஊக வியாபாரத்துல பணம் கரைஞ்சிருக்கு. வழக்குல தோண்டத் தோண்டத்தான் தெரிஞ்சுது, கம்பெனி பல வருஷம் முன்னாடியே உள்ளுக்குள்ள திவால். அப்பவும் டெபாசிட் வாங்குறதை நிறுத்தலை! தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாசம் கடுங்காவல் கிடைச்சுது.

இதைப் படிக்கும்போது எனக்கு உறைச்சது அந்த 'பல வருஷம்'தான். நான் ஆணி புடுங்குன ஒரு கம்பெனியும் இப்படித்தான் இருந்துச்சு. க்ளையன்ட் ஒவ்வொருத்தரா கழண்டுக்கிட்டிருந்தாங்க, சம்பளம் இருபது தேதிக்கு வந்துச்சு. ஆனா மாசாமாசம் மீட்டிங்ல மட்டும் 'நாம வளர்றோம்'னு படம் ஓடும். மேலே இருக்கவனுக்கு உண்மை தெரியும். கீழே இருக்கவனுக்குச் சந்தேகம் மட்டும்தான் வரும். நடுவுல மாட்டுறவன், புதுசா வேலைக்குச் சேர்றவன். அர்பத்நாட் கதையில அவன்தான் கடைசி வாரம் டெபாசிட் போட்டவன்.

நட்டம் வர்றது தப்பில்லைங்க. தொழில்னா வரும். அதே 1906ல பின்னியும் ஆட்டம் கண்டுச்சு. அப்புறம் மெக்கே குழுமம் கைக்குப் போய்ப் பிழைச்சுக்கிச்சு. நட்டத்தை மறைச்சு, அடுத்தவன் காசுல நாளை ஓட்டுறதுதான் துரோகம்.

கவுந்ததுலயும் ஒரு நல்லது நடந்துச்சு. பணம் போட்டவங்க பக்கம் நின்னு போராடுன வக்கீல் வி. கிருஷ்ணசாமி அய்யர், நமக்குன்னு ஒரு பேங்க் வேணும்னு கிளம்பினார். 1907ல இந்தியன் வங்கி பிறந்துச்சு. பின்னாடி கடற்கரைச் சாலையில அர்பத்நாட் இருந்த இடத்தையே அந்த வங்கி வாங்கிடுச்சு. இன்னிக்கு அது ராஜாஜி சாலை.

அடுத்த தடவை பீச் ஸ்டேஷன் பக்கம் போனா, அந்த இந்தியன் வங்கிக் கட்டடத்தை ஒரு நிமிஷம் நின்னு பாருங்க மக்கா. வாய்விட்டு அழுத எத்தனையோ பேரோட சேமிப்பு மேலதான் அது நிக்குது.