இவங்க உங்களுக்கு யாரு?

ஆணி புடுங்குறதுல கொஞ்சம் கேப் கிடைச்சது. அதான் இந்தப் பக்கம். ரொம்ப நாளா பாதி எழுதி வெச்சிருந்த வரலாற்று மேட்டர் ஒண்ணு. இந்த தடவை சொந்தக் கதையும் கொஞ்சம் கலந்திருக்கும், பொறுத்துக்கோங்க மக்களே.

போன மாசம் கனடா பி.ஆர். விண்ணப்பம் நிரப்ப உக்காந்தேன். பேரு, பிறந்த தேதி, படிப்பு எல்லாம் மளமளன்னு போச்சு. 'திருமண நிலை'ன்னு ஒரு கட்டம் வந்துச்சு பாருங்க, அங்க கை நின்னுடுச்சு. மணமாகாதவர், மணமானவர், விவாகரத்து ஆனவர்... இவங்களுக்கு நடுவுல 'காமன்-லா'. அதாவது தாலி இல்லை, ரிஜிஸ்டர் ஆபீஸ் இல்லை, ஆனா புருஷன் பொண்டாட்டி மாதிரி குறைஞ்சது 12 மாசம் தொடர்ந்து ஒண்ணா குடித்தனம் நடத்துறவங்க.

பெங்களூர்ல நானும் அவளும் ஒரே வீட்டுல ரெண்டு வருஷத்துக்கு மேல இருக்கோம். ஹவுஸ் ஓனர் கணக்குல எங்களுக்கு கல்யாணம் ஆயிடுச்சு. உப்பிலியபுரத்துல எங்க வீட்டுக் கணக்குல அப்படி ஒரு பொண்ணே கிடையாது. 'தங்கமணி'ன்னு இங்க எழுதக்கூட எனக்கு இன்னும் லைசென்ஸ் இல்லை :-)

நண்பன் ஒருத்தன் வழி சொன்னான். "சிங்கிள்னு போட்டுடு மச்சி. வயசுக்கு மட்டுமே சிங்கிளுக்கு 110 பாயிண்ட், ஜோடியாப் போனா 100 தான். போய் செட்டில் ஆயிட்டு அப்புறம் கல்யாணம் பண்ணிக் கூப்பிட்டுக்க. யாரு கேக்கப் போறா?"

நியாயமாத்தான் பட்டுச்சு. அந்த 'யாரு கேக்கப் போறா'வைத் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். அது என்னை 1913-ல கொண்டு போய் நிறுத்திடுச்சு.

*

தென்னாப்பிரிக்கா. போர்ட் எலிசபெத்துல ஹசன் ஏசோப்னு ஒருத்தர் இருந்தார். இந்தியாவுல முஸ்லிம் முறைப்படி நிக்காஹ் பண்ணிக்கிட்ட தன் மனைவி பாய் மரியத்தை அங்க அழைச்சுக்க நினைச்சார். குடியேற்ற அதிகாரிகள் உள்ளே விட மாட்டேன்னுட்டாங்க. வழக்கு கேப் மாகாண உச்ச நீதிமன்றத்துக்குப் போச்சு. 1913 மார்ச் 14-ந் தேதி நீதிபதி சியர்ல் தீர்ப்பு சொன்னார். பலதார மணத்தை அனுமதிக்கிற ஒரு மதத்தின் முறைப்படி நடந்த கல்யாணம், இந்த நாட்டுச் சட்டத்தின் கண்ணுல கல்யாணமே இல்லை. ஆகவே இந்தம்மா மனைவி இல்லை. உள்ளே வர உரிமையும் இல்லை.

ஏசோப்புக்கு ஒரே மனைவிதான். அது கணக்குல வரலை. அவர் மதம் எதை அனுமதிக்குதுங்கிறதுதான் கணக்கு.

இதுக்கு என்ன அர்த்தம்னு யோசிச்சுப் பாருங்க. அன்னைக்கு அங்க இருந்த இந்தியர்கள்ல பெரும்பாலானவங்க கல்யாணம் இந்து முறையில, முஸ்லிம் முறையில, பார்சி முறையில நடந்தது. மாரியம்மன் கோயில்ல தாலி கட்டின ஜோடிக்கு ஏது சர்டிபிகேட்? ஒரு தீர்ப்புல அத்தனை பொம்பளைங்களும் 'மனைவி'ங்கிற இடத்துலருந்து கீழே இறக்கப்பட்டாங்க. புள்ளைங்களோட வாரிசு உரிமையும் கேள்விக்குறி ஆச்சு.

காந்தி இதை கஸ்தூர்பாகிட்ட கேலி மாதிரி சொன்னதா, அப்போ ஃபீனிக்ஸ் பண்ணையில கூட இருந்த ராவ்ஜிபாய் படேல் பதிவு பண்ணியிருக்கார். இனிமே நீ சட்டப்படி என் மனைவி இல்லையாம்னு இவர் சொல்ல, அந்தம்மா கொதிச்சுப் போய், அப்படின்னா நானும் ஜெயிலுக்குப் போறேன்னு கிளம்பிட்டாங்களாம். 1913 செப்டம்பர்ல ஃபீனிக்ஸ்லருந்து போன 16 பேர்ல பெண்கள் 4 பேர், அதுல கஸ்தூர்பா ஒருத்தர். தண்டனை மூணு மாசம் கடுங்காவல்.

இன்னொரு பக்கம் ட்ரான்ஸ்வாலுலருந்து 11 பெண்கள் கிளம்பினாங்க. ஒருத்தர் தவிர மத்தவங்க எல்லாம் நம்ம தமிழ்ப் பொம்பளைங்க. தம்பி நாயுடுவோட மனைவி வீரம்மாள் அதுல ஒருத்தர். ஆறு பேர் கையில கைக்குழந்தை. முதல்ல லைசென்ஸ் இல்லாம தெருவுல வியாபாரம் பண்ணிப் பாத்தாங்க, போலீஸ் கண்டுக்கவே இல்லை. சரின்னு எல்லையைத் தாண்டி நேட்டாலுக்குள்ள போய், நியூகேசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள்கிட்ட பேசினாங்க. ஒப்பந்தம் முடிஞ்ச கூலிக்காரங்க வருஷா வருஷம் கட்ட வேண்டியிருந்த 3 பவுண்டு தலைவரியை எதிர்த்து வேலையை நிறுத்தச் சொன்னாங்க. அக்டோபர்ல வேலைநிறுத்தம் தீ மாதிரி பரவுச்சு. நவம்பர் 6-ந் தேதி 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகளோட காந்தி எல்லையைத் தாண்டி நடந்தது எல்லாருக்கும் தெரியும். அதுக்குத் தீக்குச்சி கிழிச்சவங்க இந்தப் பொம்பளைங்க. தண்டனை மூணு மாசம், பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஜெயில்.

அந்த டிசம்பர்ல அம்மா மங்களத்தோட ஜெயிலுக்குப் போன பொண்ணுதான் தில்லையாடி வள்ளியம்மை. ஜோகன்னஸ்பர்க்ல பிறந்து வளந்தவங்க. ஜெயில்ல காய்ச்சல் கண்டு, வெளிய வந்து கொஞ்ச நாள்ல, 1914 பிப்ரவரி 22-ல இறந்துட்டாங்க. வயசு 16. எழும்பூர் கோ-ஆப்டெக்ஸ் கட்டடத்துக்கு அவங்க பேருதான். பள்ளிக்கூடத்துல அவங்களைப் பத்தி படிச்சப்ப '3 பவுண்டு வரி' மட்டும்தான் என் மண்டையில ஏறுச்சு. 'எங்க அம்மா எங்க அப்பாவுக்குப் பொண்டாட்டிதான்'னு சொல்றதும் அந்தப் போராட்டத்துல ஒரு பாதின்னு இப்பத்தான் புரியுது.

1914-ல இந்தியர் நிவாரணச் சட்டம் வந்துச்சு. 3 பவுண்டு வரி ஒழிஞ்சுது. கல்யாண விஷயத்துல சட்டம் சொன்ன வழியைக் கவனிங்க. ஆணும் பெண்ணும் சேர்ந்து அதிகாரிகிட்ட விண்ணப்பம் கொடுக்கணும். எங்க மதப்படி எங்களுக்குள்ள கல்யாண பந்தம் இருக்கு, வேற யாரோடவும் இப்படி ஒரு பந்தம் இல்லைன்னு அவருக்குத் திருப்தியாகணும். அவர் பதிஞ்சா, செல்லும். ஒரு ஆணுக்கு ஒரு மனைவிங்கிற கணக்குலதான். ஆனாலும், ரெண்டு பேரும் வாயத் திறந்து சொல்றதுக்கு சட்டத்துல ஒரு இடம் கிடைச்சுடுச்சு.

*

அது வெள்ளைக்காரன் ஊரு, அப்படித்தான் இருப்பான்னு சொல்றீங்களா? நம்ம ஊருக்கு வாங்க.

பெரியார் 1928-லருந்து சுயமரியாதைக் கல்யாணம் நடத்தி வெச்சார். ஐயர் இல்லை, மந்திரம் இல்லை, அக்னி இல்லை. மாலை மாத்தி, உறுதிமொழி சொன்னா கல்யாணம். ஆயிரக்கணக்குல நடந்துச்சு. 1953-ல தெய்வானை ஆச்சி வழக்குல சென்னை உயர்நீதிமன்றம், இது இந்து சட்டப்படி செல்லுபடியாகும் கல்யாணம் இல்லைன்னு சொல்லிடுச்சு. சடங்கு இல்லாததும், பழமையான வழக்கமா இல்லாம புதுசா கொண்டு வந்ததும்தான் காரணம். சியர்ல் தீர்ப்பு வந்து 40 வருஷம் கழிச்சு, சொந்த மண்ணுல, அதே மாதிரி ஒரு இறக்கம். பாதிக்கப்பட்டது யாரு? மேடையில பேசின தலைவர்கள் இல்லை. சொத்து வழக்குல நின்ன பொண்டாட்டியும் புள்ளைங்களும்.

1967-ல அண்ணா ஆட்சியில இந்து திருமணச் சட்டத்துல 7-ஏ பிரிவைச் சேர்த்தாங்க. 1968 ஜனவரி 20-ல அமலுக்கு வந்துச்சு. உறவினர், நண்பர்கள், இல்லை வேற யாராவது முன்னாடி, ரெண்டு பேருக்கும் புரியுற எந்த மொழியிலயும், 'இவரை நான் கணவரா ஏத்துக்கறேன், இவளை மனைவியா ஏத்துக்கறேன்'னு சொன்னாப் போதும். இல்லை மாலை மாத்தலாம், மோதிரம் போடலாம், தாலி கட்டலாம். அதுக்கு முன்னாடி நடந்த சுயமரியாதைக் கல்யாணங்களும் செல்லும்னு பின்தேதியிட்டுச் சொன்னதுதான் இதுல பெரிய விஷயம். 2023-ல இளவரசன் வழக்குல உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போய், இதை ஊரறிய மேடை போட்டுச் சொல்லணும்னு அவசியம் இல்லைன்னுடுச்சு.

இங்கயும் சாவி அதேதான். வாயத் திறந்து சொல்றது.

*

சரி, கனடா. அவங்களும் ஒண்ணும் உத்தமர்கள் இல்லை. 1908-லருந்தே பிறந்த நாட்டுலருந்து எங்கயும் மாறாம ஒரே பயணமா வரணும்னு விதி போட்டு, இந்தியர்களைத் தடுத்தாங்க. 1912 ஜனவரியில வான்கூவர் சீக்கியர்களான பாக் சிங், பல்வந்த் சிங் ரெண்டு பேரும் ஊருக்குப் போய் பொண்டாட்டி புள்ளைங்களோட திரும்பினப்ப, அவங்களை விட்டுட்டு குடும்பத்தை மட்டும் நாடு கடத்த உத்தரவு போட்டாங்க. பெரிய சண்டைக்கு அப்புறம், 'இது கருணை, முன்னுதாரணம் ஆகாது'ன்னு சொல்லி இருக்க விட்டாங்க. மத்தவங்க மனைவி, குழந்தைகளுக்குக் கதவு திறக்க 1919 ஆச்சு.

அதே கனடா 2002 ஜூன் 28-ல அமலுக்கு வந்த புதுக் குடியேற்றச் சட்டத்துல, கல்யாணம் ஆகாத துணையையும் குடும்பம்னு ஏத்துக்கிச்சு. ஆணும் பெண்ணும் ஆனாலும் சரி, ஒரே பாலினமானாலும் சரி. ஒரு உறுதிமொழிப் பத்திரம் கொடுக்கணும். கூடவே ஒண்ணா வாழ்ந்ததுக்கு ஆதாரம். வாடகை ஒப்பந்தம், கூட்டு வங்கிக் கணக்கு, கரண்ட் பில், கேஸ் பில் இந்த மாதிரி. (நம்ம ஊரு வாடகை ஒப்பந்தம் 11 மாசம், அவன் கேக்கறது 12 மாசம். ரெண்டு ஒப்பந்தம் தேடி எடுத்து வெச்சேன். கொடுமை!)

ஆனா இதுல ஒரு கத்தி இருக்கு. 117(9)(டி)ன்னு ஒரு விதி. பி.ஆர். வாங்கும்போது குடும்பத்துல ஒருத்தரைச் சொல்லாம விட்டு, அதனால அவங்களை அதிகாரி பரிசோதிக்க முடியாமப் போனா, பின்னாடி அவங்களைக் குடும்பப் பிரிவுல ஸ்பான்சர் பண்ண முடியாது. கூட வரலைன்னாலும் பேரைப் போடணும், மெடிக்கல் பண்ணணும். பிலிப்பைன்ஸ்லருந்து போன ஒரு தாய், தன் ரெண்டு பையன்களைச் சொல்லாம கனடாவுக்குள்ள போயிட்டார். பிறகு அவங்களைக் கூப்பிட நினைச்சப்ப முடியலை. 2005-ல ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்த விதி செல்லும்னுடுச்சு. 2019-ல கொஞ்சம் தளர்த்தினாங்க. அதுவும் அகதியா வந்தவங்க, குடும்பத்தால ஸ்பான்சர் ஆனவங்க மாதிரி சிலருக்கு மட்டும். என்னை மாதிரி பாயிண்ட் கணக்குல போறவனுக்கு அது கிடையாது. இது போக, பொய் சொன்னது தெரிஞ்சா எனக்கே 5 வருஷம் தடை.

நண்பனோட 'யாரு கேக்கப் போறா'வுக்குப் பதில் கிடைச்சுதா? பொய் சொல்றது நான். கதவுக்கு வெளிய நிக்கப் போறது அவ.

ஏசோப் கதையிலயும் அதேதான். ஏசோப் உள்ளே, மரியம் வெளிய. பாக் சிங் உள்ளே, அவர் மனைவிக்குத்தான் நாடு கடத்தல் உத்தரவு. 1913-ல அந்தப் பொம்பளைங்க 'மனைவி'ங்கிற ஒரு சொல்லுக்காக ஜெயிலுக்குப் போனாங்க. சொல்ல மாட்டேன்னது நீதிபதி. இன்னைக்கு அந்தச் சொல்லை ஏத்துக்க அரசாங்கம் தயாரா இருக்கு, 10 பாயிண்டுக்காக நானே சொல்ல மாட்டேங்கிறேன். சியர்ல் வேலையை நானே பாக்கறேன்.

*

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். எங்க தாத்தா இறந்தப்ப வாரிசு சான்றிதழ் வாங்க அப்பாயிகிட்ட கல்யாணத்துக்கு எந்தப் பேப்பரும் இல்லை. பத்திரிகை இல்லை, போட்டோ இல்லை. வி.ஏ.ஓ. வந்து தெருவுல விசாரிச்சார். பக்கத்து வீட்டுக்காரங்க, "இவுங்க அவருக்குப் பொண்டாட்டிதான், அம்பது வருசமா பாக்குறமே"ன்னு சொல்லிக் கையெழுத்து போட்டாங்க. வேலை முடிஞ்சுது. கனடாக்காரன் பில்லும் ஒப்பந்தமும் கேக்கறதும் கிட்டத்தட்ட இதேதான். ஒண்ணா வாழ்ந்ததைப் பாத்தவங்க யாரு? எங்க விஷயத்துல பாத்தவன் கேஸ் கம்பெனிக்காரன் மட்டும்தான். ஊர்ல ஒருத்தரும் இல்லை, ஏன்னா நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லலை.

கட்டத்துல 'காமன்-லா'ன்னு போட்டேன். நோட்டரி முன்னாடி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டோம். அவ வெளிய வந்து, "கனடாவுக்குச் சொல்லிட்ட. துறையூர் பஸ் எப்ப ஏறப் போற?"ன்னு கேட்டா.

அந்த சனிக்கிழமையே ஏறிட்டேன். அப்பாயிகிட்ட முதல்ல சொன்னேன். "ரெண்டு வருசமாவா? அந்தப் புள்ளைய யாருன்னு சொல்லிக் கூட வெச்சிருந்த?"ன்னாங்க. என்கிட்ட பதில் இல்லை. அம்மா ஒண்ணும் பேசாம கொல்லைப்பக்கம் போயிட்டு, ரொம்ப நேரம் கழிச்சு வந்து, "எந்த ஊரு?"ன்னு கேட்டாங்க. அந்தக் கேள்விக்கு நம்ம பக்கம் என்ன அர்த்தம்னு உங்களுக்கே தெரியும். அதுக்கும் உண்மையைச் சொன்னேன்.

அப்பா இன்னும் பேசலை. விண்ணப்பம் போயிடுச்சு.

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை, கம்ப்யூட்டர் பொட்டி தட்டுறவன். விதிகள் அப்பப்ப மாறும். உங்க கேஸுக்கு நல்ல ஆளா பாத்துக் கேட்டுக்கோங்க. ஆனா கேக்கும்போது அவங்க பேரையும் சேர்த்துச் சொல்லுங்க.