சூப்பர் கம்ப்யூட்டிங் மாநாடு: அமைப்பும் வரவு செலவும்

அமெரிக்காவில் ஆண்டுதோறும் நவம்பரில் கூடும் அறிவியல் கணிப்பு மாநாடு இது. உயர்திறன் கணினிகள், அவற்றை இணைக்கும் வலையமைப்புகள், தரவுச் சேமிப்பு ஆகியவற்றில் வேலை செய்பவர்களுக்கு உலகிலேயே பெரிய கூட்டம் இதுதான். ஏசிஎம் என்ற கணிப்பொறிச் சங்கமும் ஐஇஇஇ கணினிச் சங்கமும் இதன் புரவலர்கள். 1988இல் முதல் மாநாட்டுக்கு வந்தவர்கள் சுமார் 1,500 பேர். 2024இல் அட்லாண்டாவில் அந்த எண்ணிக்கை 18,000ஐத் தாண்டியது. இதன் வரலாற்றை ஆய்வுக் கட்டுரைகளின் வழியாகச் சொல்வதுதான் வழக்கம். ஆனால், செலவை எந்தக் காலத்தில் யார் ஏற்றார்கள் என்று பார்த்தால்தான் மாநாடு இன்றைய வடிவத்துக்கு வந்த காரணம் புரியும்.

முதல் மாநாடு 1988 நவம்பர் 14 முதல் 18 வரை ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோவில் நடந்தது. இதைத் தொடங்கிவைத்தவர்களில் முதன்மையானவர் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தின் ஜார்ஜ் மைக்கேல். அன்றைக்கு மீத்திறன் கணினிகளை, அதாவது சூப்பர் கம்ப்யூட்டர்களை, வாங்கும் நிலையில் இருந்தவை அரசு ஆய்வகங்கள், வானிலை மையங்கள், சில பல்கலைக்கழகங்கள், எண்ணெய் நிறுவனங்கள், விமானத் தயாரிப்பு நிறுவனங்கள் ஆகியவைதான். செய்து விற்பவர்களோ அவர்களைவிடக் குறைவு. இரு தரப்பையும் ஒரே கூரையின் கீழ் உட்காரவைத்ததுதான் ஜார்ஜ் மைக்கேலும் அவருடைய கூட்டாளிகளும் செய்த காரியம். பொது மேடைகளில் அரிதாகவே தோன்றும் மீத்திறன் கணினி வடிவமைப்பாளர் சீமோர் கிரே, காலியம் ஆர்சனைடு சில்லுகளைப் பற்றி அந்த மாநாட்டில் பேசினார். அறிவியல் அமர்வு ஒரு பக்கம், விற்பனையாளர் கண்காட்சி இன்னொரு பக்கம் என்ற அமைப்பு அப்போதே உருவாகிவிட்டது. இன்றுவரை மாநாட்டின் நிதி நிற்பதும் அந்த அமைப்பின் மேல்தான்.

வரவுக்கு வழிகள் இரண்டு: பங்கேற்பாளர் கட்டும் பதிவுக் கட்டணம், கண்காட்சிக் கூடத்தில் இடம் பிடிக்கும் நிறுவனங்கள் சதுர அடிக்கு இவ்வளவு என்று தரும் வாடகை. அடுத்த ஆண்டு ஸ்டாலுக்கான இடத்தை இந்த ஆண்டு மாநாட்டிலேயே தேர்ந்துகொள்ளலாம். மூத்த கண்காட்சியாளர்களுக்கு முன்னுரிமை உண்டு. இது நல்ல நிதி ஏற்பாடு. ஓராண்டு முன்னதாகவே வரவின் பெரும்பகுதியைக் கணிக்க முடிகிறது. நட்டம் வந்தால் தாங்குவதும் உபரி வந்தால் பகிர்ந்துகொள்வதும் புரவலர் சங்கங்களின் பொறுப்பு.

செலவுப் பக்கம்தான் சிக்கலானது. இவ்வளவு பெரிய கூட்டத்துக்கு இடம் தரக்கூடிய மாநாட்டு மையங்கள் அமெரிக்காவில் குறைவு. அவற்றைப் பல ஆண்டுகளுக்கு முன்பே பிடித்து வைக்க வேண்டும். எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாத காலத்திலேயே நகரின் ஓட்டல்களோடு ஒப்பந்தம் போட வேண்டும். பேசிய அறைகளில் குறிப்பிட்ட விழுக்காடு நிரம்பாவிட்டால், காலி அறைகளுக்கும் பணம் கட்ட வேண்டும். உணவு, காபி போன்றவை மையத்தின் சொந்த ஒப்பந்ததாரரிடமே வாங்கப்பட வேண்டும். அதற்கும் குறைந்தபட்சத் தொகை உண்டு. காபி கேலன் கணக்கில்தான் வரும். பெரிய மையங்கள் பலவற்றில் ஒரு கேலன், அதாவது சுமார் 3.8 லிட்டர், நூறு டாலரை ஒட்டி விற்கிறது. இடைவேளையில் ஆயிரக்கணக்கானோருக்கு ஒரு கோப்பை தருவதா வேண்டாமா என்பது குழு உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டிய பெரிய செலவினம். சரக்குப் பெட்டியை லாரியிலிருந்து இறக்கி ஸ்டால்வரை கொண்டுசேர்க்க எடைக்கு ஏற்பக் கூலி. மின் இணைப்புக்குத் தனிக் கட்டணம்.

இவற்றையெல்லாம் முன்னின்று முடிவு செய்பவர்கள் தன்னார்வலர்கள். ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு பொதுத் தலைவர். அவரை வழிகாட்டுக் குழு ஏறக்குறைய மூன்றாண்டுகளுக்கு முன்பே தேர்ந்தெடுக்கிறது. அவருக்குக் கீழே கட்டுரைத் தேர்வு, கண்காட்சி, நிதி, மாணவர், வலையமைப்பு எனப் பல குழுக்கள், அவற்றில் நூற்றுக்கணக்கானோர். இவர்கள் ஆய்வகங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள். மாநாட்டுக்காக இவர்கள் செலவிடும் நேரத்தின் விலையைத் தாங்குபவை அவர்களுடைய நிறுவனங்கள். மாநாட்டின் பட்ஜெட்டில் இந்தத் தொகை ஏறுவதே இல்லை. என் பார்வையில், அதில் எழுதப்பட்டவற்றைவிடப் பெரிய செலவினம் இதுதான்.

இதற்குத் தெளிவான சான்று 'எஸ்சிநெட்'. மாநாடு நடக்கும் ஒரு வாரத்துக்காக மட்டும் கட்டப்படும் வலையமைப்பு இது. 1991 அல்புகர்க்கி மாநாட்டில் தொடங்கியது. திட்டமிட ஓராண்டு ஆகிறது. மாநாட்டுக்குச் சில வாரங்களுக்கு முன்பே பல்கலைக்கழக, ஆய்வகப் பொறியாளர்கள் வந்து, காலியாகக் கிடக்கும் கூடத்தில் ரேக்குகளை அடுக்குகிறார்கள். தரையில் கம்பளம் விரிப்பதற்கு முன்பே ஒளியிழைக் கம்பிகள் ஸ்டால்தோறும் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். தாமதமானால் கம்பளத்தைக் கிழித்துத்தான் வேலை பார்க்க வேண்டியிருக்கும். ரௌட்டர்கள், சுவிட்சுகள், நகருக்கு வெளியே செல்லும் ஒளியிழைத் தடங்கள் எல்லாம் பெரும்பாலும் நிறுவனங்கள் இரவலாகத் தருபவை. அவற்றின் மதிப்பு கோடிக்கணக்கான டாலர். 2019இல் டென்வரில் கூடத்துக்கு வந்து சேர்ந்த அலைவரிசை விநாடிக்கு 4.22 டெராபிட், 2024இல் 8.71 டெராபிட். மாநாடு முடிந்த ஓரிரு நாளில் அத்தனையும் பிரிக்கப்பட்டு லாரியில் ஏறிவிடும். நிறுவனங்கள் இரவல் தருவது வெறும் கொடை அல்ல. இன்னும் சந்தைக்கு வராத கருவியைக் கடுமையான சுமையில் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைக்கிறது. பெண் வலையமைப்புப் பொறியாளர்களைப் பயணச் செலவு கொடுத்து இந்தக் குழுவில் சேர்க்கும் திட்டம் ஒன்றும் 2015இல் தொடங்கியது. அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளை நிதி தந்த இத்திட்டம், செலவை யார் ஏற்கிறார்களோ அதற்கேற்பக் கூடத்தில் நிற்பவர்களும் மாறுகிறார்கள் என்பதைக் காட்டுகிறது.

இந்த இரவல் முறை அறிவியலுக்கும் மாணவர்களுக்கும் பயன்பட்டது. 1995 சான் டியேகோ மாநாட்டுக்காக வட அமெரிக்காவின் பல கணிப்பு மையங்கள் அதிவேக இணைப்பில் ஒன்றாகக் கோக்கப்பட்டன. 'ஐ-வே' எனப்பட்ட இந்தச் சோதனையிலிருந்துதான், பல இடங்களில் உள்ள கணினிகளை ஒன்றாக இணைத்துப் பயன்படுத்தும் கிரிட் கணிப்பு வளர்ந்தது. 2007இல் ரீனோ நகரில் மாணவர் கணினிக் கொத்துப் போட்டி தொடங்கியது. இளநிலை மாணவர் குழுக்கள் தாங்களே ஒரு சிறு மீத்திறன் கணினியைப் பொருத்தி, வீட்டு மின்சுற்றுகள் இரண்டு தரும் அளவு மின்சாரத்துக்குள் அதை ஓட்டிக் காட்ட வேண்டும். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகம் முதல் போட்டியை வென்றது.

அரசு ஆய்வகங்களின் பணத்தை நம்பியிருப்பதன் ஆபத்து 2012இல் வெளிப்பட்டது. அமெரிக்க அரசின் பொதுச் சேவை நிர்வாகம் 2010இல் லாஸ் வேகஸில் நடத்திய ஓர் ஆடம்பரக் கூட்டத்துக்கு 8 லட்சம் டாலருக்கு மேல் செலவழித்த விவரம் 2012 ஏப்ரலில் வெளிவந்தது. சூப்பர் கம்ப்யூட்டிங் மாநாட்டுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இருந்தும் அடுத்த மாதமே வந்த அரசாணை எல்லாத் துறைகளையும் கட்டுப்படுத்தியது: ஒரு மாநாட்டுக்கு ஒரு துறை 1 லட்சம் டாலருக்கு மேல் செலவிட உயரதிகாரி ஒப்புதல் வேண்டும், 5 லட்சத்துக்கு மேல் பொதுவாகக் கூடாது. எரிசக்தித் துறை ஆய்வகங்கள் கண்காட்சியில் தங்கள் ஸ்டால்களைச் சுருக்கிக்கொண்டன. ஜார்ஜ் மைக்கேலின் ஆய்வகமும் அந்தத் துறையைச் சேர்ந்ததுதான். ஆடம்பர விருந்தையும் அறிவியல் கூட்டத்தையும் ஒரே கோலால் அளந்தது நியாயமில்லை.

இதே துறையில் வேறு வழியில் வளர்ந்த மாநாடும் உண்டு. ஹான்ஸ் மோயர் 1986இல் ஜெர்மனியின் மான்ஹைம் பல்கலைக்கழகத்தில் 81 பேரோடு தொடங்கிய கருத்தரங்கு, பிற்காலத்தில் ஒரு தனி நிறுவனம் நடத்தும் சர்வதேச மாநாடாயிற்று. உலகின் வேகமான 500 கணினிகளின் பட்டியல் 1993 முதல் ஜூனில் அங்கும் நவம்பரில் அமெரிக்காவிலும் வெளியிடப்படுகிறது. இரு மாநாடுகளுக்கும் விளம்பரச் செலவில்லாமல் செய்தியாளர்களைக் கூட்டிவருவது இந்தப் பட்டியல்தான். இந்தியாவில் உயர்திறன் கணிப்புக்கான 'ஹைபிசி' மாநாடு டிசம்பரில் நகரத்துக்கு நகரம் மாறி நடந்துவருகிறது; 1998இல் சென்னையில் நடந்தது.

2020 சூப்பர் கம்ப்யூட்டிங் மாநாடு அட்லாண்டாவில் நடப்பதாக இருந்தது. கொரோனாவால் முழுக்க இணையத்துக்கு மாறியது. உரைகளைத் திரையில் கேட்க முடிந்தது. ஆனால் கூடம் இல்லாததால் ஸ்டால் வாடகையும் இல்லை, எஸ்சிநெட்டும் இல்லை. 2021இல் செயின்ட் லூயிஸில் நேரிலும் இணையத்திலுமாக நடந்தபோது இரண்டு ஏற்பாடுகளுக்கும் செலவு செய்ய வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு செயற்கை நுண்ணறிவு அலை வந்தது. சில்லு, குளிரூட்டல், மின் சாதன நிறுவனங்கள் கூடத்தில் இடம் கேட்டு வந்தன. 2024இல் கண்காட்சியாளர் எண்ணிக்கை 500ஐ நெருங்கியது. கூட்டம் பெருகப் பெருக, இடம் தரக்கூடிய நகரங்கள் குறைகின்றன. டென்வர் 2001 முதல் 2023 வரை ஐந்து முறை மாநாட்டை நடத்தியிருக்கிறது. 2025க்கு மீண்டும் செயின்ட் லூயிஸ் தேர்வாயிற்று. 2026க்கு முதன்முறையாகச் சிகாகோவின் மெக்கார்மிக் பிளேஸ் தேர்ந்தெடுக்கப்பட்டது. வட அமெரிக்காவின் மிகப் பெரிய மாநாட்டு மையம் அது.