1925 என்எஃப்எல் பருவம்

1925 என்எஃப்எல் பருவம் என்பது அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக் நடத்திய ஆறாவது பருவம். 20 அணிகள் ஆடின. நியூயார்க் ஜயன்ட்ஸ் அணி பிறந்ததும், கல்லூரி ஆட்டத்தின் பெரும் நட்சத்திரமான ரெட் கிரேஞ்ச் சிகாகோ பேர்ஸ் அணியில் சேர்ந்து கூட்டத்தை மைதானங்களுக்கு இழுத்ததும் இந்தப் பருவத்தில்தான். லீக்கின் ஆவணப்படி சாம்பியன் சிகாகோ கார்டினல்ஸ். பட்டம் பென்சில்வேனியாவின் நிலக்கரி நகரமான பாட்ஸ்வில்லின் மரூன்ஸ் அணிக்கே உரியது என்ற வழக்கு இன்றும் ஓயவில்லை. லீக் தலைவர் ஜோ கார் ஒரு சிறு நகரத்துக்கு இழைத்த அநீதியாகவே இதைப் பலரும் சொல்கிறார்கள். ஆனால் விதியை மீறிய மரூன்ஸை இடைநீக்கம் செய்து கார் விதித்த தண்டனையில் பெரிய பிழை இல்லை. பிழை, சாம்பியன் யார் என்று முடிவுசெய்த முறையில் இருந்தது.

அன்று லீக் வகுத்த பொது அட்டவணை கிடையாது. யாரோடு, எங்கே, எத்தனை ஆட்டம் என்பதை அணி உரிமையாளர்களே தங்களுக்குள் பேசி முடித்தார்கள். இறுதிப் போட்டியும் இல்லை. சமனில் முடிந்தவற்றை ஒதுக்கிவிட்டு, மீதி ஆட்டங்களில் வெற்றி விகிதம் எந்த அணிக்கு அதிகமோ அதற்கே பட்டம். பருவத்தின் கடைசி வாரத்தில்கூட பலவீனமான அணியை அழைத்து ஆடி, விகிதத்தை உயர்த்திக்கொள்ள இதில் வழி இருந்தது. 1925 டிசம்பரில் நடந்தது அதுதான். டிசம்பர் 6 அன்று சிகாகோவின் கோமிஸ்கி பார்க்கில் மரூன்ஸ் 21-7 என்று கார்டினல்ஸை வென்றது. அதன்பின் மரூன்ஸ் கணக்கில் 10 வெற்றி, 2 தோல்வி. கார்டினல்ஸ் கணக்கில் 9 வெற்றி, 2 தோல்வி, 1 சமன். விகிதங்கள் முறையே .833, .818. உடனே கார்டினல்ஸ் உரிமையாளர் கிறிஸ் ஓ'பிரையன், மில்வாக்கி, ஹாமண்ட் அணிகளோடு 10, 12 ஆகிய தேதிகளில் இரண்டு ஆட்டங்களை ஏற்பாடு செய்தார். கிரேஞ்ச் ஆடும் பேர்ஸ் அணியோடு மீண்டும் மோதி நல்ல வசூல் காண வேண்டும் என்பதே அவர் நோக்கம் என்பார்கள். இரண்டிலும் வென்று விகிதம் .846 ஆனது. மில்வாக்கி அணியில் ஆள் குறைந்ததால், சிகாகோ எங்கிள்வுட் உயர்நிலைப் பள்ளியின் மாணவர்கள் நால்வர் பொய்ப்பெயரில் களமிறக்கப்பட்டிருந்தனர். விஷயம் வெளிவந்ததும் ஓ'பிரையனுக்கு 1,000 டாலர் அபராதம் விழுந்தது. மில்வாக்கி உரிமையாளர் அணியையே விற்க நேர்ந்தது. ஆட்டத்தின் முடிவு மட்டும் பட்டியலை விட்டு நீங்கவில்லை. அதை நீக்கிக் கணக்கிட்டால் கார்டினல்ஸும் 10 வெற்றி, 2 தோல்வி; இரு அணிகளும் சரிசமம். நேருக்கு நேர் மோதியபோது வென்றது எது என்பது தெரிந்ததே.

மரூன்ஸ் விதியை மீறியதே, இடைநீக்கமான அணி எப்படிப் பட்டம் கேட்கலாம் என்பது எதிர்த்தரப்பின் வலுவான கேள்வி. மீறல் உண்மை. டிசம்பர் 12 அன்று பிலடெல்பியாவின் ஷைப் பார்க்கில், நோட்ர டாம் கல்லூரியின் முன்னாள் நட்சத்திரங்களோடு ஆடி மரூன்ஸ் 9-7 என்று வென்றது. பிலடெல்பியா, பிராங்க்ஃபோர்ட் எல்லோ ஜாக்கெட்ஸ் அணிக்கு லீக் ஒதுக்கிய எல்லை. அதே நாளில் அந்த அணிக்கும் அங்கே ஆட்டம். கார் முன்கூட்டியே எச்சரித்திருந்தார். லீக் அலுவலகம் தொலைபேசியில் அனுமதி தந்தது என்று பாட்ஸ்வில் தரப்பு சொன்னதே தவிர, எழுத்தில் எதையும் காட்டவில்லை. எல்லை உரிமையைக் காக்காவிட்டால், டிக்கெட் வருமானத்தை நம்பி வாழ்ந்த அணிகள் ஒன்றையொன்று அழித்திருக்கும். ஆகவே 500 டாலர் அபராதமும் இடைநீக்கமும் நியாயமே. ஆனால் அவை டிசம்பர் 12 குற்றத்துக்கான தண்டனை. டிசம்பர் 6 வரை களத்தில் ஈட்டிய வெற்றிகளை அவை அழிக்க முடியாது. அழிக்கவும் இல்லை, மரூன்ஸின் 10 வெற்றிகளும் லீக் பட்டியலில் அப்படியே இருக்கின்றன. பருவம் டிசம்பர் 20 வரை நீண்டதால் கார்டினல்ஸ் கூடுதலாக ஆடியது விதிக்கு உட்பட்டதே என்றும் வாதிடுகிறார்கள். ஹாமண்ட் ஆட்டத்துக்கு அது பொருந்தும். பள்ளி மாணவர்களை வைத்து நடத்திய ஆட்டத்துக்கு எந்த விதியும் துணைநிற்காது.

தனக்கு வந்த பட்டத்தை ஓ'பிரையனே ஏற்க மறுத்தார். பின்னாளில் அணியை வாங்கிய பிட்வில் குடும்பம்தான் அதை உரிமை கொண்டாடியது. முறையின் ஓட்டைகளை லீக் பின்னாளில் ஒவ்வொன்றாக அடைத்தது: 1933இல் இரு பிரிவுகளும் இறுதிப் போட்டியும் வந்தன, 1936இல் எல்லா அணிகளுக்கும் ஆட்ட எண்ணிக்கை சமமானது. மரூன்ஸ் அணியோ 1929இல் பாஸ்டனுக்குப் பெயர்ந்து, அந்த ஒரு பருவத்தோடு மறைந்தது. வழக்கை மீண்டும் விசாரிக்கும் கோரிக்கையை உரிமையாளர்கள் 1963இல் 12-2 என்றும், 2003இல் 30-2 என்றும் தள்ளுபடி செய்தனர். 2003இல் ஆதரவாக விழுந்த இரண்டு வாக்குகளும் பென்சில்வேனியாவின் பிலடெல்பியா, பிட்ஸ்பர்க் அணிகளுடையவை.