தேடல் சாளரமும் புள்ளிக் கோப்பும்

தரவுத்தளத்தில் தேடும் வரைகலை நிரல் ஒன்றை யூனிக்ஸ் கணினியில் நிறுவுவது 1990களின் தொடக்கத்தில் இரண்டு கட்ட வேலையாக இருந்தது. மூலநிரலைத் தொகுத்து இயங்கவைப்பது முதல் கட்டம்; அந்த நிரல் எங்கே தேட வேண்டும், கிடைத்ததை எந்த எழுத்துருவில் காட்ட வேண்டும், எந்த விசையை அழுத்தினால் என்ன செய்ய வேண்டும் என்பதையெல்லாம் வெறும் உரைக் கோப்புகளில் எழுதிவைப்பது இரண்டாம் கட்டம். இந்த இரண்டாம் கட்டத்தில் நிரலாளர் சொன்னதை நிர்வாகி மாற்றலாம், நிர்வாகி சொன்னதைப் பயனர் மாற்றலாம் என்ற ஒழுங்கு இருந்தது. தேடும் கருவியின் மீது அதைப் பயன்படுத்துபவருக்கு இருந்த அந்த உரிமை எப்படி உருவானது, எங்கெங்கே இடறியது, எப்போது கைநழுவியது என்பது தனியாக எழுதப்பட வேண்டிய வரலாறு.

அதன் வேர், வரைகலைத் திரைகளுக்கு முந்தைய காலத்தில் இருக்கிறது. யூனிக்ஸின் தொடக்க நாட்களில், அடைவிலுள்ள கோப்புகளைப் பட்டியலிடும் கட்டளை, நடப்பு அடைவையும் மேலடைவையும் குறிக்கும் ஒற்றைப்புள்ளி, இரட்டைப்புள்ளி என்ற இரு பெயர்களைக் காட்டாமல் விடுவதற்காக, பெயரின் முதல் எழுத்து புள்ளியா என்று மட்டும் பார்த்தது. அந்தக் குறுக்குவழியின் விளைவாகப் புள்ளியில் தொடங்கும் எல்லாக் கோப்புகளுமே பட்டியலில் மறைந்துபோயின என்று பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய ராப் பைக் பிற்காலத்தில் எழுதியுள்ளார். யாரும் திட்டமிடாத இந்த மறைவிடத்தில்தான் பயனரின் விருப்பங்கள் குடியேறின. 1979இல் வெளியான ஏழாம் பதிப்பு யூனிக்ஸில் பூர்ன் ஷெல் தன் தொடக்கக் கட்டளைகளைப் பயனரின் வீட்டடைவிலுள்ள ஒரு புள்ளிக் கோப்பிலிருந்து படித்தது. பில் ஜாய் எழுதிய சி-ஷெல்லும் அவ்வாறே செய்தது. இத்தகைய கோப்புப் பெயர்கள் பலவற்றின் இறுதியில் நிற்கும் 'ஆர்சி' என்ற ஈரெழுத்து, 1960களில் எம்.ஐ.டி.யின் நேரப் பகிர்வு அமைப்பில் கட்டளைத் தொகுப்பைக் குறித்த 'ரன்காம்' என்ற சொல்லின் எச்சம்.

வரைகலைத் திரை வந்தபோது இந்த வழக்கத்துக்குப் பெரிய பொறுப்பு வந்து சேர்ந்தது. எம்.ஐ.டி.யில் 1984இல் பாப் ஷைஃப்லரும் ஜிம் கெட்டிஸும் தொடங்கிய எக்ஸ் சாளர அமைப்பு, ஸ்டான்ஃபோர்டில் உருவான 'டபிள்யூ' என்ற சாளர அமைப்பின் வழித்தோன்றல். ஆங்கில அகரவரிசையில் அடுத்த எழுத்து என்பதாலேயே அதற்கு அந்தப் பெயர். சாளரத்தை வரையும் வழிமுறையை மட்டும் தருவது, சாளரம் எப்படித் தோன்ற வேண்டும் என்ற கொள்கையை விதிக்காமல் விடுவது என்பதை அதன் ஆக்கியோர் அடிப்படை நெறியாகக் கொண்டனர். பல நிறுவனங்களின் வெவ்வேறு இயந்திரங்களில் ஒரே அமைப்பு ஓட வேண்டும் என்ற தேவைக்கு இந்த நெறி பொருத்தமாக இருந்தது. ஆனால் நிறம், எழுத்துரு, பொத்தானின் பெயர் முதலியவற்றை யாரேனும் ஒருவர் முடிவுசெய்துதானே ஆக வேண்டும்? 1987 செப்டம்பரில் வெளியான பதினோராம் பதிப்பும், அதன் மேல் அமைந்த எக்ஸ் கருவித்தொகுதியும் அந்த முடிவை 'வளம்' என்ற ஏற்பாட்டின் வழியே பலருக்கும் பகிர்ந்து கொடுத்தன.

வளம் என்பது நிரலின் ஏதேனும் ஓர் உறுப்புக்குரிய ஒரு பண்பும் அதன் மதிப்பும் ஆகும். எக்ஸ் நிரலில் சாளரத்துக்குள் சட்டகமும், சட்டகத்துக்குள் பொத்தானும், உரைப்பெட்டியும், உருள்பட்டையும் ஒன்றுக்குள் ஒன்றாக அமைகின்றன. இவ்வுறுப்புகள் விட்ஜெட் எனப்படும். நிரலின் பெயரில் தொடங்கி, இடைப்பட்ட விட்ஜெட்டுகளின் பெயர்களைப் புள்ளியால் இணைத்து, கடைசியில் பண்பின் பெயரையும், முக்காற்புள்ளியிட்டு மதிப்பையும் எழுதினால் ஒரு வளத்தின் வரி முழுமையடையும். இடையிலுள்ள பெயர்கள் தெரியாதபோது புள்ளிக்குப் பதிலாக உடுக்குறி இட்டால் போதும். எத்தனை அடுக்கு இருந்தாலும் அது தாண்டிச் செல்லும். விட்ஜெட்டின் தனிப்பெயர் சிற்றெழுத்திலும், அது சார்ந்த வகுப்பின் பெயர் பேரெழுத்திலும் தொடங்கும் என்ற மரபினால், ஒரு குறிப்பிட்ட பொத்தானின் நிறத்தை மட்டும் மாற்றவும், எல்லாப் பொத்தான்களின் நிறத்தையும் ஒரே வரியில் மாற்றவும் இயன்றது.

இவ்வரிகள் எங்கிருந்து வருகின்றன என்பதில்தான் உரிமையின் அடுக்கு வெளிப்படுகிறது. நிரலுடன் வரும் இயல்பமைவுக் கோப்பு அமைப்பு முழுவதற்கும் பொதுவான ஓர் அடைவில் இருக்கும். அது எல்லாவற்றிலும் தாழ்ந்தது, நிர்வாகி தம் நிறுவனத்துக்கேற்ப அதைத் திருத்தலாம். அதன் மேல் பயனர் தம் வீட்டடைவில் வைத்திருக்கும் அதே நிரலுக்கான கோப்பும், அதற்கும் மேல் திரையை நடத்தும் வழங்கியில் ஏற்றப்பட்ட வளங்களும், அதற்கும் மேல் குறிப்பிட்ட கணினிக்கென எழுதப்பட்ட கோப்பும், எல்லாவற்றுக்கும் மேல் நிரலைத் தொடங்கும் கட்டளை வரியில் தரப்படும் மதிப்பும் நிற்கும். கருவியை ஆக்கியவரின் சொல் கடைசியிலும், அதை அந்தக் கணத்தில் கையிலெடுப்பவரின் சொல் முதலிலும் வைக்கப்பட்ட இந்த வரிசைக்கு ஈடான தெளிவை அக்காலத்து வேறு வரைகலை அமைப்புகளில் காண்பது அரிது.

இந்த ஏற்பாட்டைத் தேடல் நிரலொன்று எப்படிப் பயன்படுத்தியது என்பதற்கு வெய்ஸ் என்ற அமைப்பு சிறந்த எடுத்துக்காட்டு. திங்கிங் மெஷின்ஸ் நிறுவனத்தின் புரூஸ்டர் கேல் தலைமையில், ஆப்பிள், டௌ ஜோன்ஸ், கே.பி.எம்.ஜி. பீட் மார்விக் ஆகியவற்றின் கூட்டு முயற்சியாக உருவான இது, வெவ்வேறு இடங்களிலுள்ள உரைத் தரவுத்தளங்களில் வலையமைப்பின் வழியே தேட வழிசெய்தது. நூலகங்கள் தமக்குள் தேடல் நடத்துவதற்காக வகுக்கப்பட்ட இசட்39.50 என்ற நெறிமுறையின் 1988ஆம் ஆண்டுப் பதிப்பு அதன் அடித்தளம். 1991இல் இணையத்தில் இலவசமாக வழங்கப்பட்ட தொகுப்பில், எக்ஸ் சாளரத்துக்கான எக்ஸ்வெய்ஸ் என்ற நிரலும், எழுத்துத் திரைக்கான எஸ்வெய்ஸ் என்ற நிரலும் இருந்தன.

எக்ஸ்வெய்ஸின் கேள்விச் சாளரத்தில் எதைப் பற்றித் தேடுவது என்று எழுத ஒரு பெட்டியும், எந்த மூலங்களில் தேடுவது என்று காட்டும் ஒரு பட்டியலும், கிடைத்த ஆவணங்களுள் ஒன்றை எடுத்து 'இதைப் போன்றவை' என்று மறுபடி தேடவைக்கும் ஓர் இடமும் இருந்தன. 'மூலம்' எனப்பட்டது ஒவ்வொரு தரவுத்தளத்தைப் பற்றியும் எழுதப்பட்ட ஒரு சிறிய உரைக் கோப்பு. அடைப்புக்குறிக்குள், முக்காற்புள்ளியில் தொடங்கும் பெயர்களோடு, லிஸ்ப் மொழியின் சாயலில் அது எழுதப்பட்டிருக்கும்: தரவுத்தளம் இருக்கும் கணினியின் பெயர், இணைப்புக்கான 210 என்ற துறை எண், தரவுத்தளத்தின் பெயர், தேடலுக்கான கட்டணம், பராமரிப்பவரின் முகவரி, உள்ளடக்கத்தைப் பற்றி ஒரு பத்தி விளக்கம். கட்டணத்துக்கென்றே ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது செய்தித் தகவல்களை விற்கும் தொழில் ஒரு நாள் இந்த வழியாக நடக்கும் என்ற எதிர்பார்ப்பின் அடையாளம். நடைமுறையில் பெரும்பாலான மூலங்களில் அங்கே சுழியமும் 'இலவசம்' என்ற சொல்லுமே நின்றன. இக்கோப்புகள் பயனரின் வீட்டடைவில் தனி அடைவொன்றில் சேர்ந்தன. கேட்ட கேள்விகளும் அவ்வாறே இன்னோர் அடைவில் கோப்புகளாகச் சேமிக்கப்பட்டன. எங்கே தேடலாம், இதுவரை என்ன தேடினோம் என்ற இரண்டுமே பயனர் திறந்து படிக்கவும், திருத்தவும், நண்பருக்கு மின்னஞ்சலில் அனுப்பவும் கூடிய உரையாக அவரிடமே இருந்தன. தேடலின் வரலாறு தேடியவரின் உடைமையாக இருந்த காலம் அது.

சாளரத்தின் நடத்தையையும் அதே முறையில் மாற்றலாம். எம்.ஐ.டி.யின் அதீனா விட்ஜெட் தொகுதியில் உரைப்பெட்டி என்பது பல வரிகள் எழுதும் இடமாகவே கருதப்பட்டதால், அங்கே என்டர் விசையைத் தட்டினால் புதிய வரி பிறக்கும். ஒரே ஒரு தேடுசொல்லை எழுதிவிட்டு என்டர் தட்டுபவருக்கு இது எரிச்சலூட்டும். தேடல் தொடங்காமல், சொல் மேலே நகர்ந்து மறைந்துவிடும். இதற்குத் தீர்வாக 'மொழிபெயர்ப்பு' என்று பெயரிடப்பட்ட ஒரு வளம் இருந்தது. இங்கே அச்சொல் விசை அழுத்தம் போன்ற நிகழ்வு ஒன்றை நிரலின் செயல் ஒன்றாகப் பெயர்ப்பதைக் குறிக்கிறது. பழைய பட்டியலை அழிக்காமல் அதன் மேல் புதியதை இடுக என்று அறிவிக்கும் ஒரு சொல்லை முதலில் எழுதி, அடுத்த வரியில் என்டர் விசையையும் அதற்கு எதிரே செயலின் பெயரையும் எழுதினால், மூலநிரலைத் தொடாமலேயே அந்தப் பெட்டியின் இயல்பு மாறும். செயலின் பெயரை நிரலாளர் முன்பே பதிவுசெய்து வைத்திருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

அந்த நிபந்தனை சிறியதாகத் தோன்றினாலும் முழு ஏற்பாடும் அதன் மேல்தான் நின்றது. கருவித்தொகுதியின் விதிப்படி, ஒரு பண்பின் மதிப்பை நிரலாளர் தம் நிரலுக்குள்ளேயே எழுதிவிட்டால், எந்தக் கோப்பாலும் அதை மாற்ற முடியாது. எனவே நிறத்தையும் பொத்தானின் பெயரையும் நிரலுக்குள் பூட்டாமல் இயல்பமைவுக் கோப்பில் விட்டுவைக்கும் பண்பாடு நிரலாளரிடம் இருந்தால்தான் பயனருக்கு உரிமை. அவ்வாறு விட்டுவைத்த நிரல்களில் பொத்தான்களின் சொற்களைக்கூட வேறு மொழியில் மாற்றலாம். பதினோராம் பதிப்பின், 1991இல் வந்த ஐந்தாம் வெளியீட்டில் இயல்பமைவுக் கோப்பைத் தேடும் பாதையிலேயே மொழிக்கென ஓர் இடம் இருந்தது. பயனரின் மொழிக்குரிய கோப்பு இருந்தால் அதையே நிரல் எடுத்துக்கொள்ளும்.

இந்த முறையின் குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மதிப்புக்கு முன்னால் வரும் வெற்றிடத்தை அமைப்பு நீக்கிவிடும், பின்னால் வரும் வெற்றிடத்தை நீக்காது. ஆகவே நிறப்பெயருக்குப் பின் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டால், அப்படியொரு நிறமே இல்லை என்று நிரல் சொல்லும். பெயரில் ஓர் எழுத்துப் பிழையானால் எந்த எச்சரிக்கையும் வராது. எதற்கும் பொருந்தாத வரி என்று அது பேசாமல் ஒதுக்கப்படும். பலரையும் அலைக்கழித்த சிக்கல் இன்னொன்று. வீட்டடைவிலுள்ள எக்ஸ்டிஃபால்ட்ஸ் என்ற புள்ளிக் கோப்பை நிரல்கள் படிக்கும் என்று கையேடு சொல்லும். ஆனால் எக்ஸ்ஆர்டிபி என்ற கட்டளையால் வளங்கள் ஏற்கெனவே திரை வழங்கியில் ஏற்றப்பட்டிருந்தால் அந்தக் கோப்பை எதுவும் திரும்பிப் பார்க்காது. கோப்பை எத்தனை முறை திருத்தினாலும் சாளரம் அசையாமல் இருப்பதன் காரணம் இதுதான் என்று கண்டறிய மூத்த பயனர் ஒருவரின் துணை வேண்டியிருந்தது. விட்ஜெட்டுகளின் பெயர்களை அறியக் கையேட்டையோ மூலநிரலையோ புரட்ட வேண்டிய நிலையை, ஐந்தாம் வெளியீட்டில் வந்த எடிட்ரெஸ் என்ற துணைநிரல் ஓரளவு மாற்றியது. இயங்கிக்கொண்டிருக்கும் நிரலின் உறுப்புகளை அது மரவடிவில் வரைந்து காட்டும்.

எனினும் வளங்களைத் திரை வழங்கியில் ஏற்றும் ஏற்பாட்டுக்கு வலுவான காரணம் இருந்தது. தரவுத்தளமும் தேடல் நிரலும் பெரிய கணினி ஒன்றில் இருக்க, அதன் சாளரம் மட்டும் வலையமைப்பின் வழியே பயனரின் மேசைத் திரையில் விரிவது எக்ஸ் அமைப்பின் இயல்பு. விருப்பங்கள் திரையோடு சேர்ந்திருந்ததால், பத்துக் கணினிகளில் ஓடும் பத்து நிரல்களும் ஒரே மேசைக்கு வரும்போது அந்த மேசைக்குரியவரின் எழுத்துருவையும் நிறத்தையும் ஏற்றன. எக்ஸ்ஆர்டிபி தான் ஏற்றும் கோப்பைச் சி மொழியின் முன்செயலி வழியே அனுப்பியதால், வண்ணத் திரையாக இருந்தால் இந்த வரிகள், கறுப்பு வெள்ளைத் திரையாக இருந்தால் அந்த வரிகள் என்று ஒரே கோப்பில் பிரித்து எழுதவும் முடிந்தது.

உயிரியல் தரவுத்தளங்களின் பக்கம் திரும்பினால், இதே காலத்தில் வேறொரு மரபு உருவாவதைக் காணலாம். அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகத்தின் கீழ் 1988இல் தொடங்கப்பட்ட தேசிய உயிர்த்தொழில்நுட்பத் தகவல் மையம், மரபணு வரிசைகளையும் அவை பற்றிய கட்டுரைக் குறிப்புகளையும் ஒன்றோடொன்று இணைத்துத் தேடும் ஆன்ட்ரே என்ற நிரலை 1990களின் தொடக்கத்தில் குறுந்தகடுகளில் வழங்கியது. பிரெஞ்சு மொழியில் அப்பெயருக்கு 'உள்ளே வாருங்கள்' என்று பொருள். மெக்கின்டாஷ், விண்டோஸ், யூனிக்ஸ் மூன்றிலும் ஒரே நிரல் ஓட வேண்டும் என்பதற்காக ஜோனதன் கான்ஸ் வைப்ரன்ட் என்ற இடைமுகத் தொகுதியை எழுதினார். யூனிக்ஸில் அது மோட்டிஃப் என்ற விட்ஜெட் தொகுதியின் மேல் அமைந்தது. மூன்று அமைப்புகளுக்கும் பொதுவான நிரல் எக்ஸ் வளங்களை மட்டும் நம்பியிருக்க முடியாது. எனவே தரவு எந்த அடைவில் இருக்கிறது என்பது போன்ற செய்திகள், விண்டோஸின் அமைவுக் கோப்புகளைப் போலச் சதுர அடைப்புக்குறிக்குள் பிரிவின் பெயரும், அதன் கீழே பெயர், சமக்குறி, மதிப்பு என்ற வரிகளுமாக ஒரு கோப்பில் எழுதப்பட்டன. யூனிக்ஸில் அது மையத்தின் பெயர்ச் சுருக்கத்தோடு 'ஆர்சி' என்று முடியும் புள்ளிக் கோப்பாக வீட்டடைவில் அமர்ந்தது. பண்புகளை உறுப்பு உறுப்பாக மாற்றும் நுட்பம் இதில் இல்லை. ஆனால் யாரும் ஒரு நிமிடத்தில் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய எளிமை இருந்தது.

இரு மரபுகளையும் ஓரங்கட்டியது வலை உலாவி. மார்க் ஆண்ட்ரீசனும் எரிக் பீனாவும் எழுதிய மொசைக், 1993இல் முதலில் எக்ஸ் சாளரத்துக்கே வந்தது. அதுவும் மோட்டிஃப் நிரல், வளங்களால் மாற்றக்கூடியது. அதைத் தொடர்ந்த நெட்ஸ்கேப்பும் நீண்ட இயல்பமைவுக் கோப்பு ஒன்றோடு வந்தது. ஆனால் அவ்வளங்கள் உலாவியின் சட்டகத்தை மட்டுமே ஆண்டன. தேடல் பெட்டி வலைப்பக்கத்துக்குள் போய்விட்டது, பக்கமோ தொலைவிலுள்ள வழங்கியின் ஆட்சியில் இருந்தது. ஆன்ட்ரேயின் வலைப்பக்க வடிவம் 1994இல் வந்தது. வெய்ஸை வணிகமாக்க நிறுவப்பட்ட நிறுவனம் 1995இல் அமெரிக்கா ஆன்லைனுக்கு விற்கப்பட்டது. 1997 ஜூனில், மருத்துவக் கட்டுரைக் குறிப்புகளைத் தேடும் பப்மெட் எல்லோருக்கும் இலவசமாகத் திறக்கப்பட்டது. குறுந்தகடும் நிர்வாகியும் இல்லாத ஊர்களிலிருந்தும் மருத்துவ இலக்கியத்தைத் தேட முடிந்தது பெரும் நன்மை. அதற்கு ஈடாக, மூலங்களின் பட்டியலும் கேட்ட கேள்விகளின் பதிவும் பயனரின் வீட்டடைவை விட்டு வெளியேறின. 1998இல் முதல் பதிப்புகளை வெளியிட்ட கே.டி.இ. என்ற மேசைச் சூழலும் ஜி.டி.கே. என்ற கருவித்தொகுதியும் எக்ஸ் வளங்களைக் கைவிட்டுத் தம் சொந்த அமைவுக் கோப்புகளை வகுத்துக்கொண்டன.

வளங்களின் மரபு எக்ஸ்டெர்ம் போன்ற சில பழைய நிரல்களில் இன்றும் உயிரோடு இருக்கிறது. ஆன்ட்ரேயின் காலத்துப் புள்ளிக் கோப்பின் நிலை இன்னும் மேல்: மரபணு வரிசைகளை ஒப்பிட்டுத் தேடும் பிளாஸ்ட் நிரலைத் தம் கணினியில் நிறுவும் ஆய்வகங்களில், தரவுத்தளம் இருக்கும் அடைவை அறிய அந்த நிரல் முதலில் நடப்பு அடைவிலும், பிறகு பயனரின் வீட்டடைவிலும், அதன் பிறகு நிர்வாகி சுட்டிய அடைவிலும் அதே பெயருள்ள கோப்பைத் தேடுகிறது, சதுர அடைப்புக்குறிக்குள் பிளாஸ்ட் என்ற தலைப்பும், அதன் கீழ் அடைவின் பாதையைச் சொல்லும் ஒற்றை வரியும் அதற்குப் போதும்.