எத்தா சிவில் பேரேடும் அதன் ஓரமும்

புதுச்சேரியில் என் வயதுக்காரர்களுக்கு 'எத்தா சிவில்' என்றால் விளக்கம் தேவையில்லை. இளையவர்களுக்காகச் சொல்கிறேன்: பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் எழுதி வைக்கும் பிரெஞ்சுப் பதிவேடு அது. மேரி என்று நாம் சொல்லும் நகராட்சியில் இருக்கும்.

பிரான்சில் இந்தக் கணக்கு முதலில் பாதிரிமார் கையில் இருந்தது. 1792 செப்டம்பரில் புரட்சி அரசு அதைப் பிடுங்கி நகராட்சியிடம் கொடுத்தது. குழந்தை பிறந்து 3 நாளுக்குள் போய்ச் சொல்ல வேண்டும் என்பது 2016 வரை பிரெஞ்சு சிவில் சட்டமாக இருந்தது. நம் இந்திய விதியில் 21 நாள் அவகாசம். பேரேட்டுக்கு இரண்டு படி உண்டு. ஒன்று மேரியில், மற்றது நீதிமன்றத்தில். இது போதாதென்று, குடியேற்ற நாடுகளிலிருந்து இன்னொரு படி கப்பலேறி வெர்சாய்க்குப் போக வேண்டும் என்று 1776லேயே மன்னர் ஆணை போட்டிருந்தார். இங்கே கறையான் தின்றாலும் அங்கே ஒன்று இருக்கும். முப்பது வருஷம் குமாஸ்தாவாகக் கோப்பு கட்டியவன் என்ற முறையில் இந்த முன்யோசனையை மெச்சத்தான் வேண்டும்.

அதைவிட எனக்குப் பிடித்தது பக்கத்தின் ஓரத்தில் விட்டிருக்கும் வெற்றிடம். பிற்பாடு அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் ஆனால், எந்த ஊரில், எந்தத் தேதியில், யாரோடு என்று பிறந்த பக்கத்தின் ஓரத்திலேயே குறிப்பார்கள். பிரான்சில் 1897 முதல் கல்யாணத்தையும், 1945 முதல் இறப்பையும் இப்படி எழுதுகிறார்கள். ஒரு பக்கத்தைப் புரட்டினால் ஓர் ஆளின் ஆயுசே தெரிந்துவிடும். இப்போது நம் பையில் ஆதார், ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, பான் என்று நாலைந்து இருக்கின்றன.

ஆனால் அந்தப் பேரேடு நம் பெயரைப் படுத்திய பாடும் கொஞ்சமல்ல. முருகன் என்ற பெயரை எழுத 'உ' வரும் இடமெல்லாம் ஓ-யூ போட்டு, கடைசியில் உச்சரிக்காத ஓர் ஈயும் சேர்ப்பார்கள். நமக்கு இல்லாத குடும்பப் பெயர் வேறு கேட்பார்கள். 1881 ஆணைப்படி சொந்த வழக்குச் சட்டத்தைத் துறந்தவர்கள் புதுக் குடும்பப் பெயர் எடுத்துக்கொண்டார்கள். வக்கீல் பொன்னுத்தம்பி பிள்ளை லாபோர்த் ஆனது அப்படித்தான். 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த பிறகு புதுக் காகிதங்களில் ஆங்கில எழுத்துமுறை வந்தது. ஒரே முருகன் இரண்டு ஆளானான். அந்த ஓ-யூவால் பாஸ்போர்ட்டுக்கும் பென்ஷனுக்கும் அலைந்தவர்கள் நம் தெருவுக்கு இருவராவது இருப்பார்கள்.

பேரேட்டில் பெயரே ஏறாதவர்கள் கதி இன்னும் மோசம். எண்பதுகளில் ஓர் அம்மாள் என்னிடம் மனு எழுத வந்தார். கணவர் சொல்தா, இந்தோசீனாவில் இருந்தவர். அவர் காலமானதும் பென்ஷன் நின்றது. விதவைக்கு உரிய பங்கு வேண்டுமென்றால் கல்யாணப் பதிவைக் காட்டச் சொன்னார்கள். கல்யாணம் கிராமத்துக் கோயிலில் நடந்தது. யாரும் மேரிக்குப் போகவில்லை. "நாலு புள்ள பெத்திருக்கேன், அது பத்தாதாங்க ஐயா?" என்று கேட்டார். பத்தாது. நீதிமன்றத் தீர்ப்பு வேண்டும், அதற்குக் கல்யாணத்தை நேரில் பார்த்த சாட்சி வேண்டும். தேடித் தேடி, அன்று பந்திக்குச் சமைத்தவரைக் கண்டுபிடித்தோம். கண் மங்கியிருந்தது, ஆனால் என்ன பாயசம் வைத்தார் என்பது வரை நினைவிருந்தது. அவர் சொன்னது எடுபட்டது.

2023 அக்டோபர் 1க்குப் பிறகு பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை பிறப்புச் சான்றிதழ் ஒன்றே ஆதாரம் என்று நம் அரசும் சட்டம் திருத்தியிருக்கிறது. நல்லதுதான். சான்றிதழ் கைக்கு வந்தவுடன் எழுத்துப்பிழை பார்த்துவிடுங்கள். பள்ளியில் சேர்க்கும் நாள் வரை காத்திருக்க வேண்டாம்.

குடியேற்ற நாடுகளிலிருந்து கப்பலில் போன அந்தப் பழைய படிகள் இப்போது எக்ஸ்-ஆன்-புரொவான்ஸ் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நூறு ஆண்டு கடந்த பக்கங்கள் பலவற்றை இணையத்திலும் ஏற்றியிருக்கிறார்கள். தாத்தா பெயரைத் தேடுகிறவர்கள் ஓ-யூ போட்டே தேடுங்கள்.