கேமிங் மடிகணினியைப் பிரித்தல்

கேமிங் மடிகணினியின் அடிமூடியைக் கழற்றி விசிறி, ரேம், எஸ்எஸ்டி, பற்றரி முதலியவற்றை அணுகும் பராமரிப்பு வேலை. தூசி அகற்றுவது, வெப்பப் பசை மாற்றுவது, கொள்ளளவைக் கூட்டுவது ஆகியவை இதன் வழக்கமான நோக்கங்கள். திருகோணமலைக்கு வடக்கேயுள்ள திரியாய் போன்ற கரையோர ஊர்களில் உப்புக் கலந்த ஈரக்காற்று இணைப்பு முனைகளை அரிக்கக்கூடும். அவற்றையும் இவ்வேளையில் சோதிப்பது நல்லது.

முறை: கணினியை முழுமையாக நிறுத்தி, சார்ஜரைக் கழற்றி, உலோகத்தைத் தொட்டு உடலின் நிலைமின்சாரத்தை நீக்க வேண்டும். திருகாணிகளின் நீளம் இடத்துக்கு இடம் மாறுவதால், எடுத்த ஒழுங்கிலேயே அவற்றை வைக்க வேண்டும். பிளாஸ்டிக் நெம்பியால் மூடியைத் திறந்ததும் முதலில் பற்றரி இணைப்பைக் கழற்ற வேண்டும். வீங்கிய லித்தியம் பற்றரியைக் குத்தவோ நெம்பவோ கூடாது.

உட்பாகங்கள்: பக்கக் கொக்கிகளை விரித்தால் ரேம் சாய்ந்து எழும். டிடிஆர்4 ரேமில் 260 முனைகளும் டிடிஆர்5 ரேமில் 262 முனைகளும் உள்ளன. ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது. எம்.2 எஸ்எஸ்டி பெரும்பாலும் 22 மி.மீ. அகலமும் 80 மி.மீ. நீளமும் கொண்டது. செயலியும் வரைகலைச் சில்லும் பொதுவாகத் தாய்ப்பலகையில் பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றை மாற்ற இயலாது. அவற்றின் மேலுள்ள செப்புக் குழாய்த் தொகுதியை ஒரு பக்கமாக அன்றிப் படிப்படியாகத் தளர்த்த வேண்டும். சில மாதிரிகளில் பசைக்குப் பதிலாகக் காலியம் கலந்த திரவ உலோகம் இருக்கும். மின்கடத்தியான அது சிந்தினால் பலகையில் குறுக்குச்சுற்று ஏற்படும்.